தண்ணீர் தெளியும் வரை

இன்னும் தெளியவில்லை. கோமதி பெட்பேனை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முதலில் கருப்பாக வந்தது இப்போது கலங்கல் மஞ்சளாகியிருந்தது, அடியில் துகள் துகளாக என்னவோ சுழன்றது, அவ்வளவுதான். "கண்ணாடி மாதிரி வரணும்மா, குடிக்கிற தண்ணி மாதிரி. அதுவரைக்கும் விடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் நர்ஸ் எஸ்தர். குடிக்கிற தண்ணி. இந்த மனுஷன் வயிற்றிலிருந்து குடிக்கிற தண்ணி வரும்வரைக்கும் அவள் இங்கே நிற்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்திவைத்த கட்டிலில் அவள் புருஷன் சிவசைலம் சாய்ந்து கிடந்தார், மூக்கு வழியாக ஒரு குழாய் உள்ளே இறங்கியிருந்தது. அதன் மறுமுனை கம்பியில் தொங்குகிற பெரிய பையில். பைக்குள் எஸ்தர் பவுடரைக் கரைத்து ஊற்றிய மருந்துத் தண்ணீர். லிட்டர் லிட்டராக மேலே ஊற்றுகிறார்கள், லிட்டர் லிட்டராகக் கீழே போகிறது. ஊற்றுவதற்கு நர்ஸ், அள்ளுவதற்குப் பெண்டாட்டி. நடுவில் ஐயா படுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி ஆயாவைக் காலையில் ஒருமுறை பார்த்ததோடு சரி. மாத்திரை ஏதாவது கரையாமல் முழுசாக வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்தாள். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அரிசியில் கல் பார்ப்பதுபோலப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் ஒன்று சூடேறிக்கொண்டே வந்தது.

குளியலறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றினாள். எலுமிச்சை வாசனை போட்ட மருந்தாம். உள்ளே போகும்போது எலுமிச்சை, வெளியே வரும்போது அவர். கையுறைக்குள் விரல்கள் வேர்த்துப் புழுங்கின. கல்யாணமாகி அம்பாசமுத்திரத்து வீட்டுக்குள் காலெடுத்துவைத்த மறுநாள் காலையிலிருந்து இந்த மனுஷனின் வயிற்றுச் சேதியைத்தான் அவள் கேட்டுக்கொண்டு வருகிறாள். "இன்னைக்குச் சரியாப் போகலை" என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழுந்தால் போதும், அன்றைக்கு வீட்டில் ரேடியோ கிடையாது, சிரிப்பு கிடையாது, எந்தக் குழம்பும் வாய்க்கு விளங்காது. முதலில் வெந்நீர், பிறகு பூவன்பழம், பிறகு ராத்திரியே ஊறப்போட்ட கடுக்காய்த் தண்ணீர், பிறகு பேப்பரோடு உள்ளே போனால் ஊரில் ஒரு கல்யாணமே முடிந்துவிடும். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கக்கூஸ். ஒருநாள் மகள் மங்கைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பிள்ளை யூனிபார்மோடு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறது, "அப்பா, அப்பா" என்கிறது. உள்ளேயிருந்து பேப்பரைத் திருப்புகிற சத்தம் மட்டும். கடைசியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஓடினாள் கோமதி. அந்தப் பேப்பர் சத்தம். அன்றைக்கு அந்தக் கதவை உடைத்திருக்க வேண்டும். அம்மிக்குழவியைத் தூக்கிப்போட்டு உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம் சிரித்துக்கொண்டே "அவங்களுக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை" என்று சொன்னாள். ஏன் சிரித்தோம்? பெட்பேனைக் கவிழ்த்து உதறினாள். ஏன் சிரித்தோம் அன்றைக்கு?

திரும்பி வந்து பெட்பேனை மறுபடி அவருக்கு அடியில் வைத்தாள். இடுப்பைத் தூக்கிக் கொடுக்கக்கூட மாட்டேன் என்று கல்லாகக் கிடந்தார், எல்லாவற்றையும் அவளே தூக்க வேண்டியிருந்தது. "குளுருது" என்றார். போர்வையை இழுத்துவிட்டாள். இந்நேரம் அவள் கோயம்புத்தூர் பஸ்ஸில் இருக்க வேண்டும். மதுரையைத் தாண்டியிருக்கும். அங்கே மங்கைக்கு மாதம் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்த்த அருள்தாஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள் மங்கை. சேதி வந்த அன்றைக்கே கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு "தலைமுழுகிட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னவர் இவர். அன்றிலிருந்து பெற்ற பிள்ளையோடு பேசுவதற்குக் கோமதி மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருந்தது, துணி காயப்போடுகிற சாக்கில், ஈரப் புடவையின் மறைவில். போன வாரம் மங்கை கேட்டாள், "அம்மா, நீ வருவியா?" அவ்வளவுதான் கேட்டாள். அருள்தாஸ் வீட்டாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்து சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் வாங்கிப் பிரசவ லேகியத்துக்கு இடிக்க உட்கார்ந்தாள். மிக்ஸி இருந்தும் உரலில்தான் இடித்தாள். சத்தம் கேட்கட்டும். இரண்டு நாள் இடித்தாள். அவர் டீவியின் சத்தத்தைக் கூட்டினார், அவ்வளவுதான். இன்று காலை காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது "ஏளா" என்று கூப்பிட்டார். நிதானமான குரல். வந்து பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், பேப்பர் மடித்திருக்கிறது, காப்பி டம்ளர் காலி. டம்ளருக்கு அடியில் காலி மாத்திரை அட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, காற்றில் பறந்துவிடாமல் பாரம் வைத்ததுபோல. "முழுங்கிட்டேன். இனி நீ போகலாம்" என்றார்.

இனி நீ போகலாம். அந்த வார்த்தையை எத்தனை நாளாகத் தயார்செய்து வைத்திருந்தாரோ. அதைக் கேட்டதும் அவள் முதலில் செய்தது என்ன தெரியுமா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோமே என்று பார்த்தாள். அது யாருக்கும் தெரியாது, எந்த டாக்டருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் முதல் நினைப்பு அதுதான், அதற்கு அப்புறம்தான் ஓடினாள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காரை எடுக்கவைத்தாள், பாளையங்கோட்டை வரைக்கும் பின்சீட்டில் அவர் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் மின்வாரியத்தில் இருந்தவர், லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர், சேரன்மகாதேவி தாண்டும்போது ஒரு கம்பத்தைக் காட்டி "இது நான் நட்டது" என்றார். அந்த இடத்திலேயே காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போயிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய தங்கை பகவதி நின்றாள். பாளையங்கோட்டையிலேயே இருக்கிறவள், கோமதி போனில் சொன்னதும் இவர்களுக்கு முன்னாலேயே ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள், வரும்போதே கண்ணைத் துடைத்துச் சிவக்கவைத்திருந்தாள். கண்ணாடி போட்ட சின்னப் பெண்தான் டாக்டர். "எப்படி சாப்பிட்டாரு?" என்று கேட்டவுடன் பகவதி முந்திக்கொண்டாள். "தெரியாமத்தான் டாக்டர். கண்ணாடி போடாம ரெண்டு தடவை போட்டுட்டாக. வயசாச்சுல்லா." அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோமதிக்கு வாய் தானாகத் திறந்தது. "தெரியாம இல்லம்மா. தெரிஞ்சேதான். இந்த அட்டை அவ்வளவும். காலையில காப்பி குடிச்சதும்." பகவதி புறங்கையில் கிள்ளினாள், நல்ல கிள்ளு, இப்போதும் அந்த இடம் எரிகிறது. "நல்லவேளை சொன்னீங்க" என்றாள் டாக்டர் பெண், "ரெண்டு மாத்திரைன்னு நெனச்சிருந்தா வேற மாதிரி விட்டிருப்போம்." அவரோ ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு சிரித்தபடி, "ஒண்ணும் செய்யலை டாக்டர், நல்லாத்தான் இருக்கேன். வயித்தக் கழுவி விட்டுருங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போயிருதேன்" என்றார். அங்கேதான் பிடிபட்டது கோமதிக்கு. கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அவர் ஆபீஸில் ஒருத்தன் பிரமோஷன் கிடைக்காமல் தூக்க மாத்திரை தின்றான், வாயில் குழாயைவிட்டுக் கழுவினார்கள், மறுவாரம் டூட்டிக்கு வந்தான். அதேதான் என்று நினைத்துவிட்டார். கழுவுவார்கள், பெண்டாட்டி அழுவாள், கோயம்புத்தூர் நிற்கும், ராத்திரிக்குத் தோசை.

"இது அந்த மாதிரி இல்ல சார்" என்றாள் டாக்டர் பெண். "இது மெதுவாக் கரையற பிரஷர் மாத்திரை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடும். அதனாலதான் இப்ப நல்லா இருக்கீங்க. எல்லாம் சேர்ந்து கரைய ஆரம்பிச்சா துடிப்பு இறங்கும், பிரஷர் விழும், அப்புறம் இழுத்துப் பிடிக்கிறது கஷ்டம். இந்நேரம் இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போயிருக்கும். குடல் மொத்தத்தையும் தண்ணி விட்டுக் கழுவி, கரையறதுக்கு முன்னாடி வெளிய தள்ளணும்." அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள்ளிருந்து ஆள் இறங்கிப் போய்விட்டார். கோமதி அதைப் பார்த்தாள். கண்கள் அவளைத் தேடின, ஸ்ட்ரெச்சரின் கம்பியைக் கை இறுக்கிப் பிடித்தது, பயம், உண்மையான பயம், அவர் முகத்தில் அதற்கு முன்னால் அவள் பார்த்தே இராத பொருள். நல்லா வேணும் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. தன் குரல்தானா என்று திடுக்கிட்டாள். தன் குரல்தான். வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது, ஒரு நிமிஷம் வெட்கப்பட்டும் பார்த்தாள், ஒட்டவில்லை.

இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து பையில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தாள். மானிட்டரில் பச்சைக் கோடு துள்ளித் துள்ளிப் போனது. செத்துப்போவதற்கு முழுங்கினாரா? சாக வேண்டும் என்கிறவன் "ஏளா" என்று கூப்பிடுவானா? கூப்பிடுகிறவன் எதற்கு அத்தனை அட்டையைப் பிய்த்தான்? நாலு மாத்திரை தின்றிருந்தாலும் அவள் ஓடியிருப்பாளே. நாலுக்கு ஓடமாட்டாள் என்று நினைத்தாரா? இந்த இடத்தில் வந்து நினைப்பு முள்ளில் மாட்டிய முந்தானையாக நின்றுவிடுகிறது. இழுத்தால் கிழியும். அங்கன்வாடியில் அவளுக்கு வேலை உத்தரவு வந்தபோது அடுக்களைத் தரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தார், ஈசிஜியில் ஒன்றுமில்லை என்று வந்தது, அதற்குள் அவள் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போகிறேன் என்றதற்குச் சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்தார், அவள் முகூர்த்த நேரத்துக்கு மட்டும் போய்த் தலைகாட்டிவிட்டு வந்தாள். மங்கை சேதி வந்த மறுநாள் "ஆத்துல விழுந்து சாவுதேன்" என்று விடுவிடுவென்று தாமிரபரணிக்கு நடந்தார், அவள் தலைவிரி கோலமாகப் பின்னால் ஓடினாள், பார்த்தால் படித்துறையில் நின்று சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருக்கிறார். ஈரவேட்டியோடு திரும்பி வந்து "சட்னி அரைச்சியா?" என்றார். அன்றைக்கும் அரைத்தாள். தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய். அரைத்த கையை வெட்டிப் போட்டால் என்ன. ஒவ்வொரு தடவையும் ஓடி ஓடிப் பழக்கியது யார்? அவள்தானே. இல்லை, அது என்ன நியாயம், ஓடாமல் இருந்து அவர் நிஜமாகவே விழுந்திருந்தால் அதற்கும் அவள்தானே பேர் வாங்கியிருப்பாள். ஓடினாலும் அவள், ஓடாவிட்டாலும் அவள். அவருக்கு ஒன்றுமே இல்லை, மேலே ஊற்றுகிறார்கள், கீழே அள்ளுகிறார்கள்.

"மாத்திவிட வீட்டுல வேற யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டாள் எஸ்தர், பையில் மறுபடி தண்ணீரை ஊற்றிக்கொண்டே. அவளுக்கு நாற்பது இருக்கும், நெற்றி வேர்த்திருந்தது. "அவங்க தங்கச்சி வெளிய நிக்கா." "கூப்பிட வேண்டியதுதானே?" "அவளுக்கு ஓங்கரிக்குமாம்." எஸ்தரின் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "எல்லா ரூம்லயும் ஒருத்தருக்கு ஓங்கரிக்கும்மா, ஒருத்தருக்கு ஓங்கரிக்காது" என்றாள். அதைக் கேட்டுக் கோமதிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் அந்த நேரம் பார்த்து அவர் எக்கினார். மூக்குக் குழாயோடு உடம்பு முழுவதும் முன்னால் வந்து எலுமிச்சைத் தண்ணீர் வாயிலிருந்து பீறிட்டு அவர் சட்டையில், போர்வையில், கோமதியின் மடியில் கொட்டியது. பச்சைக் கோட்டின் துள்ளல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. மானிட்டர் கத்த ஆரம்பித்தது. எஸ்தர் தண்ணீரை நிறுத்தி அவரை ஒருக்களித்துச் சாய்த்து "டாக்டர்!" என்று கூப்பிட்டாள், ஓடி வந்தார்கள், ஊசி, கைப்பட்டை, "துடிப்பு இறங்குது", "கால்சியம் எடுங்க", யாரோ கோமதியின் தோளைப் பிடித்துச் சுவரோரம் நகர்த்தினார்கள். சுவரில் முதுகு ஒட்டிக்கொண்டது. அவருடைய கால் மட்டும் தெரிந்தது, போர்வைக்கு வெளியே, வெடிப்பு விழுந்த குதிகால். போனாப் போகட்டும். நினைத்தாள். வார்த்தை வார்த்தையாக, தெளிவாக, யாரோ காதில் சொன்னதுபோல இல்லை, தானே முழுசாக நினைத்தாள். போனாப் போகட்டும், நான் கோயம்புத்தூர் போகணும். அடுத்த நொடி கைகூப்பினாள். கடவுளே, பாவநாசநாதா, இல்லை, போகக்கூடாது, அந்தக் கால் அசையட்டும். இருபது வயதில் வந்தவள், ஒரு எறும்பை மிதித்தால்கூட மனசு கேட்காமல் நின்றவள், அவளை இப்படி ஒரு நினைப்பை நினைக்கவைத்துவிட்டாரே. அந்த மாத்திரைகளைவிட அதுதான் பெரிய விஷம், அதை எந்தக் குழாயை விட்டுக் கழுவுவது? அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி நிற்கவைக்கிற அளவுக்கு, பயத்தைவிடப் பலமான கோபம்.

கோடு மறுபடி நெருக்கமாகத் துள்ள ஆரம்பித்தது. வாந்திக்கு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "பிரஷர் நிக்குது. மெதுவா மறுபடி ஆரம்பிப்போம். இப்ப விட்டா உள்ள மிச்சம் இருக்கிறது கரைஞ்சிரும்" என்றாள் டாக்டர் பெண். சொட்டுச் சொட்டாக ஆரம்பித்துப் பிறகு வேகம் கூட்டினார்கள். அடுத்த தடவை பெட்பேனில் வெள்ளையாக உருண்டையாக இரண்டு மூன்று கிடந்தன, கரைந்தும் கரையாமலும், ஊறிய பாசிப்பயறு மாதிரி. எஸ்தரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ஆங், இதான், இதுக்குத்தான் இவ்வளவு பாடு" என்றாள் எஸ்தர் சந்தோஷமாக. கோமதி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதுதானா. இவ்வளவுதானா. இதை வைத்துக்கொண்டா என்னை நிறுத்தப் பார்த்தாய்?

வராந்தாவிலிருந்து பகவதியின் குரல் வந்துகொண்டே இருந்தது. காலையிலிருந்து அவள் போனைக் கீழே வைக்கவில்லை. தென்காசி, கடையம், மதுரை, சொந்தம் ஒருத்தர் பாக்கியில்லை. "என்னத்தச் சொல்ல... மைனி கோயம்புத்தூர் போயே தீருவேன்னு நின்னாகளாம்... அண்ணனுக்கு மனசு தாங்குமா... ஆமா, அவதான், அந்த ஓடுகாலிதான்... டாக்டர் வேற ஸ்டேஷனுக்குச் சொல்லணும்னு சொல்லுதா, மானம் போகுது..." கோமதியின் போன் அடித்தது. மங்கை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தாள். "அம்மா" என்றது பிள்ளை. பின்னால் ஏதோ வண்டிச் சத்தம், அருள்தாஸ் யாரிடமோ "மெதுவாப் போங்க" என்கிறான். "அம்மா, வலி எடுத்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கோம்." பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வலியைக் கடந்தாள், அது போன் வழியாகக் கோமதியின் அடிவயிற்றில் வந்து இறங்கியது. பிறகு, "அம்மா, பகவதி அத்தை போன் பண்ணாங்க. அப்பா மருந்தைக் குடிச்சிட்டாராமே. என்னாலதான்னு சொல்றாங்க. அம்மா, அப்பாவுக்கு நான்தான் காரணமா?"

வலியெடுத்த பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். வண்டியில் போகிற, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளையிடம். "கேளு மங்கை" என்றாள் கோமதி. குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "ஒரு நிமிஷம் காதைக் குடுத்துக் கேளு." கட்டிலுக்குப் போனாள், போனை ஸ்பீக்கரில் போட்டாள், அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மூக்கில் குழாயும் ஒட்டுப் பிளாஸ்திரியுமாகக் கண்ணை மூடிக் கிடந்தவர் விழித்தார். "யாரு?" "உங்க மக. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கா. உங்க தங்கச்சி அவகிட்ட, அப்பா சாகக் கெடக்கதுக்கு நீதான் காரணம்னு சொல்லியிருக்கா. ஆமாவா இல்லையா? நீங்களே சொல்லுங்க." அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். சுவர்! மறுபடியும் சுவர். "திரும்புங்க" என்றாள். அவரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. "திரும்பிச் சொல்லுங்க. மாத்திரையை அவ பிச்சாளா? நான் பிச்சேனா? அவ வாயில போட்டாளா?" போனுக்குள்ளிருந்து மங்கையின் மூச்சு கேட்டது. கதவருகே பகவதி வந்து நின்று "மைனி, உடம்பு சுகமில்லாத மனுஷன்கிட்ட..." என்று ஆரம்பித்தாள், எஸ்தர் பையில் கைவைத்தபடி "சும்மா இருங்க" என்றாள். அவர் மெல்லத் திரும்பினார். வாய் ஓரத்தில் மருந்துத் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கறை. "நான்தான்" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா." "நான்தான் முழுங்கினேன். யாரும் காரணம் இல்ல." சொல்லிவிட்டு அழுதார். அழுகையில் குழாய் ஆடியது. "கேட்டியா?" என்றாள் கோமதி போனிடம். "கேட்டேம்மா." "அதோட விட்டுரு. மூச்சை நல்லா இழுத்து விடு. நான் வாரேன்."

தண்ணீர் இறங்கியது. அவள் பெட்பேனை மாற்றினாள், கொட்டினாள், கழுவினாள், வந்தாள். வெயில் ஜன்னலைவிட்டு எதிர்ச் சுவருக்கு ஏறியது. மஞ்சள் வெளிறியது, வெளிறி வெளிறிக் கடைசியில் ஒருமுறை எடுத்துப் பார்த்தபோது பெட்பேனின் அடியில் பொறித்திருந்த எழுத்துகள் தண்ணீருக்குள்ளிருந்து பளிச்சென்று தெரிந்தன. எஸ்தரைக் கூப்பிட்டாள். எஸ்தர் டாக்டரைக் கூப்பிட்டாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குடல் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிக் குழாய்த் தண்ணீரை நிறுத்தினார்கள். "ஆனா இன்னைக்கு முழுக்க மானிட்டர்ல இருக்கணும். இனி ஒண்ணுமே ஆகாதுன்னு நான் எழுதித் தர மாட்டேன்" என்றாள் டாக்டர் பெண். "ஆனா நிலைமை நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு மனநல டாக்டர் வந்து பேசுவாரு. அது கட்டாயம்." "அவர்கிட்டயும் நடந்ததை அப்படியே சொல்லுங்க டாக்டர்" என்றாள் கோமதி, "கண்ணாடி போடாம சாப்பிட்டார்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இது முதல் தடவை மாதிரியும் நெனச்சிராதீங்க." எல்லாவற்றையும் சொன்னாள், நெஞ்சுவலி, ஆறு, சுவர். சொல்லச் சொல்ல டாக்டர் பெண்ணின் முகம் மாறியது. "நீங்க எங்கயாவது போறீங்களா?" என்று கேட்டாள். "மகளுக்குப் பிரசவம். போறேன். இவங்களுக்குத் தங்கச்சி இருக்கா, தங்கச்சி மாப்பிள்ளையும் வருவாரு." தப்பா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

கட்டில் பக்கம் போய் நின்றாள். அவருக்கு விளங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்தார், நனைந்த விரல்கள், நிஜமாகவே பலமில்லாத பிடி. "போகாத" என்றார். "நீ போனா நான் மறுபடியும்..." காலையில் சொன்ன குரல் இல்லை இது, சின்னப் பிள்ளை இருட்டில் கூப்பிடுகிற குரல், அதனாலேயே அவளுக்கு இரக்கம் வந்தது, வந்ததனாலேயே இன்னும் கோபம் வந்தது. "செத்துப்போயிருவேன்னு பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினார். "எனக்கும் இருந்துச்சு. அந்தப் பயத்தை வச்சுத்தான் இத்தனை வருஷம் என்னைக் கட்டிப்போட்டீங்க. நாளைக்கு வர டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. சாகணும்னு இருந்தா அதைச் சொல்லுங்க, எனக்குக் கோவம்னு இருந்தா அதைச் சொல்லுங்க. மறுபடி செஞ்சா மறுபடி இதே கட்டிலு, இதே குழாய். நான் இருக்க மாட்டேன் அள்ளதுக்கு." கையை உருவிக்கொண்டாள். உருவும்போது தன்னையறியாமல் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பழக்கதோஷம். அதற்காகவும் தன்மேல் எரிச்சல்பட்டாள். வாசலில் பகவதி வழிமறித்தாள். "மைனி, நாலு பேரு என்ன சொல்லுவாக? இந்த நெலமையில புருஷனை விட்டுட்டு..." கோமதி நின்றாள். அவளை அடிக்க வேண்டும்போலக் கை வந்தது. மூலையில் கழுவிச் சாய்த்துவைத்திருந்த பெட்பேனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "நாலு பேருக்குக் காலையிலிருந்து நீதானே சொல்லிக்கிட்டிருக்க. இதையும் சொல்லு. இன்னும் ரெண்டு மூணு தடவை போகும். உங்க அண்ணன்தான். க்ளவுஸ் அந்தப் பெட்டியில இருக்கு." பகவதி பேனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வெறுங்கையோடு, மடியில் வாந்திக் கறையோடு, அதைத் தண்ணீர் தொட்டுத் துடைத்த ஈரத்தோடு புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. எஸ்தரின் நம்பரை வாங்கி வைத்திருந்தாள், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அடித்தாள். "நல்லா இருக்காரும்மா, துடிப்பு சரியா இருக்கு, தூங்குறாரு. நீங்க பத்திரமாப் போங்க." மங்கைக்கு அடித்தாள். அருள்தாஸ் எடுத்தான், உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றான், "அத்தை, வர்றீங்கள்ல?" என்று நடுங்கினான், வருகிறேன் என்றாள். வழியில் அவருக்கு ஏதாவது ஆனால்? ஆனால் என்ன செய்வாய் கோமதி? தெரியாது. திரும்பி வருவாளாக இருக்கும், அழுவாளாக இருக்கும், ஊர் அவளை என்னென்ன சொல்லுமோ சொல்லும். அது ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம். கோபம் போய்விட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள், போகவில்லை, அடுப்பில் கங்கு மாதிரி அது பாட்டுக்கு இருந்தது, அது இல்லையென்றால் இந்த நிமிஷமே இறங்கி ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடிவிடுவாள் என்றும் தெரிந்தது. பஸ் நகர்ந்தது. பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தான், அவளிடமும் வந்தான். "எங்கம்மா?"

"கோயம்புத்தூர்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.